சுவரொட்டியில் இல்லாத முகங்கள்

ஹாலிவுட்டின் பொற்காலம் என்றதும் ஹம்ப்ரி போகார்ட், இங்க்ரிட் பெர்க்மன், கேரி கிராண்ட் என்று பத்துப் பெயர்கள் தானாக வாயில் வந்துவிடும். அந்தப் பத்துப் பேருக்குப் பக்கத்தில் நின்று படத்தைத் தூக்கிப் பிடித்தவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

'காஸாபிளாங்கா' பார்த்தவர்கள் அந்தப் பாட்டுக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். போகார்ட் நடிக்கும் ரிக்கின் மதுக்கூடத்தில் ஜெர்மன் அதிகாரிகள் பியானோவைச் சுற்றி நின்று தங்கள் பாட்டை உரக்கப் பாடுகிறார்கள். நாஜி எதிர்ப்பாளர் விக்டர் லாஸ்லோ விறுவிறுவென்று இசைக்குழுவிடம் போய்ப் பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்கிறார். ரிக் தலையசைக்கிறார். கூடம் முழுவதும் எழுந்து நின்று பாடுகிறது. நடுவில் ஓர் இளம்பெண்ணின் முகம் திரையை நிறைக்கிறது. கண்ணில் நீர் தளும்ப அந்தப் பெண் பாடுகிறாள்.

அவர் பெயர் மாட்லென் லெபோ. அப்போது வயது 19. அந்தக் கண்ணீரை வரவழைக்க யாரும் அவருக்குக் கிளிசரின் கொடுத்திருக்கத் தேவையில்லை. 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைவதற்குச் சற்றுமுன் தப்பி ஓடியவர் அவர். லிஸ்பனுக்குப் போய், சிலி நாட்டு விசா வாங்கிக் கப்பல் ஏறி, அந்த விசா போலி என்று தெரியவந்து மெக்ஸிகோவில் சிக்கி, கடைசியில் கனடாவின் தற்காலிகக் கடவுச்சீட்டோடு அமெரிக்கா வந்து சேர்ந்தவர். விசாவுக்காகக் காத்துக் கிடக்கும் அகதிகளின் கதையைச் சொல்லும் படத்தில் அவருக்குக் கிடைத்தது சில நிமிட வேடம்.

அவரோடு ஓடிவந்த கணவர் மார்செல் தாலியோவும் அதே படத்தில் இருக்கிறார். ரிக்கின் சூதாட்ட மேசையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். டைட்டிலில் பெயர் கிடையாது. ழான் ரெனுவாரின் 'தி கிராண்ட் இல்யூஷன்' (1937), 'தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்' (1939) என்ற இரண்டு மகத்தான பிரெஞ்சுப் படங்களில் முக்கிய வேடம் ஏற்றவர் அவர். ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சில் நாஜிகள் அவருடைய முகத்தைச் சுவரொட்டியாக அச்சடித்து, யூதனை அடையாளம் காண்பது எப்படி என்று ஒட்டினார்கள். அவருடைய பெற்றோர் வதை முகாமில் இறந்தார்கள். வெயிட்டர் கார்லாக வந்து நம்மைச் சிரிக்க வைக்கும் எஸ்.இஸட். ஸகால், தன் மூன்று சகோதரிகளையும் முகாம்களில் பறிகொடுத்தார். நாஜி மேஜராக வரும் கான்ராட் வைட், தன் யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். டைட்டிலில் பெயர் வந்த நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர்.

போகார்ட்டும் பெர்க்மனும் மட்டும் நடித்து, சுற்றிலும் ஸ்டுடியோ கூட்டி வந்த வெறும் கூட்டம் நின்றிருந்தால் அது இன்னொரு காதல் படமாக முடிந்திருக்கும். அந்தக் காலத்து ஹாலிவுட் படங்களை இன்றும் உட்கார்ந்து பார்க்க முடிவதற்கு நட்சத்திரங்கள் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இரண்டு நிமிடம் வந்துபோகிறவருக்கும் அங்கே ஒரு முழு வாழ்க்கை இருந்தது. அவர்களை நாம் மறந்தது தற்செயலாக நடக்கவில்லை. ஒப்பந்தம், விருதின் வகைப்பாடு, தோலின் நிறம், அரசியல் என்று ஒவ்வொருவரின் பெயரும் தேய்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சுட்டிக் காட்டவும் முடியும்.

சிலைக்குப் பதில் தகடு

ஆஸ்கர் விருது தொடங்கிச் சில ஆண்டுகள் வரை துணை நடிகர்களுக்கென்று எதுவும் இல்லை. 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் அந்தப் பிரிவு முதல்முறையாக வந்தது. வந்த பிறகும் அவர்களுக்குச் சிலை தரப்படவில்லை. ஒரு தகடு தரப்பட்டது. நாயகன், நாயகிக்குக் கிடைக்கும் அதே முழு உருவச் சிலை துணை நடிகர் கைக்கு வர 1943-ஆம் ஆண்டுப் படங்கள் வரை ஆயிற்று. 'கான் வித் தி விண்ட்' படத்துக்காக விருது பெற்ற முதல் கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியல் வாங்கியதும் தகடுதான். அந்த விழாவில் படக்குழுவினரோடு சேர்ந்து உட்காரவும் அவருக்கு இடம் தரவில்லை. தனி மேசை.

அந்தப் படம் வந்த 1939-ஆம் ஆண்டில் தாமஸ் மிட்செல் என்ற ஒரே நடிகர் செய்ததைப் பாருங்கள். 'ஸ்டேஜ்கோச்' படத்தில் குடிகார டாக்டர். 'கான் வித் தி விண்ட்' படத்தில் நாயகியின் தந்தை. 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' படத்தில் பத்திரிகையாளர். 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹாவ் விங்ஸ்' படத்தில் பார்வை மங்கிவரும் விமானி. 'தி ஹஞ்ச்பேக் ஆஃப் நோத்ர டாம்' படத்தில் பிச்சைக்காரர்களின் அரசன். ஒரே ஆண்டில் ஐந்து படம், ஐந்தும் இன்று வரை பேசப்படுகின்றன. எந்த நாயகனின் வாழ்க்கையிலும் இப்படி ஓர் ஆண்டு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. 'ஸ்டேஜ்கோச்' அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. பின்னாளில் நாடகத்துக்கான டோனியும் தொலைக்காட்சிக்கான எம்மியும் சேர்ந்து, மூன்று விருதையும் பெற்ற முதல் ஆண் நடிகர் ஆனார். இருந்தும் அவர் பெயரைச் சொன்னால் சட்டென்று முகம் நினைவுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்?

அந்த ஆண்டு மிட்செலிடம் விருதை இழந்தவர்களில் ஒருவர் கிளாட் ரெயின்ஸ்.

தோற்பவனின் கண்ணியம்

ரெயின்ஸ் 1889-இல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதில் பாமரக் காக்னி உச்சரிப்போடு பேச்சுக் குறையும் இருந்தது. மேடையில் சில்லறை வேலை செய்துகொண்டிருந்த அவரிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்ட நாடக மேதை ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, பேச்சுப் பயிற்சிக்குப் பணம் கொடுத்தார். முதல் உலகப் போரில் விஷவாயு தாக்கி ஒரு கண்ணின் பார்வை பெரும்பாலும் போயிற்று. திரும்பி வந்து லண்டன் ராயல் நாடகக் கல்விக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். ஜான் கீல்குட் அவருடைய மாணவர்.

ஹாலிவுட்டில் பெயர் வாங்கித் தந்த முதல் படம் 'தி இன்விசிபிள் மேன்' (1933). நாற்பதைத் தாண்டிய வயது. படம் முழுக்க முகமே தெரியாது. கட்டுப் போட்ட தலையும் குரலும் மட்டும். கடைசி சில நொடிகளில்தான் முகம் வரும். பேச்சுக் குறையோடு வளர்ந்த சிறுவன் வெறும் குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு படத்தைச் சுமந்தார்.

ஆஸ்கருக்கு நான்கு முறை பரிந்துரை, நான்கு முறையும் கிடைக்கவில்லை. 'மிஸ்டர் ஸ்மித்' படத்தின் ஊழல் செனட்டருக்கு இல்லை. 'காஸாபிளாங்கா'வின் கேப்டன் ரெனோவுக்கு இல்லை. 'மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்' படத்துக்கும் இல்லை. நான்காவது, ஹிட்ச்காக்கின் 'நொடோரியஸ்' (1946). அதற்கு மட்டுமாவது கொடுத்திருக்கலாம் என்பது என் ஆறாத மனக்குறை.

அதில் அவர் ரியோ நகரில் பதுங்கி வாழும் நாஜி. அவரைக் காதலிப்பதுபோல் நடித்து உளவு பார்க்க வருகிறார் இங்க்ரிட் பெர்க்மன். கதைப்படி ரெயின்ஸ் வில்லன். ஆனால் படம் முழுவதிலும் அந்தப் பெண்ணை மனசாரக் காதலிக்கிறவர் அவர் ஒருவர்தான். நாயகன் கேரி கிராண்ட், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் சந்தேகத்திலேயே நாளைக் கடத்துகிறார். பெர்க்மனைவிட ரெயின்ஸ் உயரம் குறைவு. சில ஷாட்டுகளில் அவரை உயர்த்திக் காட்ட ஹிட்ச்காக் ஏற்பாடுகள் செய்யவேண்டி வந்தது. ரெயின்ஸோ அந்த உயரக் குறைவையே பாத்திரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். இவ்வளவு அழகான பெண் தனக்குக் கிடைத்ததை நம்ப முடியாத ஒரு நடுவயதுக்காரனின் பதற்றம் அவர் நடையிலேயே இருக்கும். உண்மை தெரிந்த விடியற்காலையில் தாயின் படுக்கை அருகே போய், அமெரிக்க உளவாளியைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று ஒப்புக்கொள்கிறார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அடிபட்ட பிள்ளையின் குரல் அது. வில்லனுக்காக நெஞ்சு வலிக்கிறது.

அந்த ஆண்டு விருதைப் பெற்றவர் ஹரால்ட் ரஸ்ஸல். 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்தில் நடித்த, தொழில்முறை நடிகரே அல்லாத, ராணுவத்தில் இரு கைகளையும் இழந்த வீரர். அவருக்குக் கொடுத்ததைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அதே படத்தில் விருதின் பார்வையே படாத இன்னொருவரும் இருக்கிறார். அவரிடம் பிறகு வருகிறேன்.

தெல்மா ரிட்டர் என்னும் நம் பக்கத்து வீட்டுக்காரி

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவர் இவர்தான்.

தெல்மா ரிட்டர் 1902-இல் புரூக்ளினில் பிறந்தவர். நாடகம், வானொலி என்று வேலை பார்த்துவிட்டு, குழந்தைகளை வளர்ப்பதற்காகச் சில காலம் ஒதுங்கியிருந்தவர். 1947-இல் 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' என்ற கிறிஸ்துமஸ் படத்தில் ஒரு துண்டு வேடம் வந்தது. பையன் கேட்ட பொம்மையைத் தேடிக் கடை கடையாக அலைந்து கால் ஓய்ந்த தாய். எங்களிடம் இல்லை, இன்னொரு கடையில் கிடைக்கும் என்று கிறிஸ்துமஸ் தாத்தா நேர்மையாகச் சொல்லிவிட, அதை நம்புவதா வேண்டாமா என்று அவர் விழிக்கும் விழிப்பு இருக்கிறதே! பெயர்கூடப் போடாத வேடம். படப்பிடிப்புத் துண்டுகளைப் பார்த்த ஸ்டுடியோ தலைவர் டாரில் ஸனக், இந்தப் பெண்மணிக்குக் காட்சியைக் கூட்டுங்கள் என்றார். அப்போது அவருக்கு 45 வயது. நாயகிகளுக்குக் கதவு சாத்தப்படும் வயதில் அவருக்குத் திறந்தது.

அதற்குப் பிறகான பதினைந்து ஆண்டுகளில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை ஆறு முறை. அந்தப் பிரிவில் இன்று வரை அதுதான் உச்சம். ஆறில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. 1955-இல் விழாவின் நியூயார்க் பகுதியைத் தொகுத்து வழங்க அழைத்தார்கள். மேடை கிடைத்தது, சிலை கிடைக்கவில்லை.

அவர் நடித்தவர்கள் யார்? வேலைக்காரி, நர்ஸ், சமையல்காரி, கைதியின் தாய். அமெரிக்கப் படங்களில் இவர்கள் கதவைத் திறந்துவிட்டுக் காணாமல் போகிறவர்கள். ரிட்டர் திறந்தால் அந்தக் கதவு வழியே ஒரு தெருவே உள்ளே வரும். 'ஆல் அபவுட் ஈவ்' (1950) படத்தில் பெட்டி டேவிஸின் உதவியாளர் பெர்டி. பணிவே உருவாக வந்து நிற்கும் ஈவ் என்ற பெண்ணை எல்லோரும் நம்புகிறார்கள். நாடக ஆசிரியர் நம்புகிறார், அவர் மனைவி நம்புகிறார், நட்சத்திரமே நம்புகிறார். முதல் நாளே சந்தேகப்படுவது பெர்டி மட்டும். ஈவ் தன் சோகக்கதையைச் சொல்லும்போது கேமரா பெர்டியிடம் சிறிது நேரமே போகிறது. ஆனால் அந்த முகத்தில் ஓடும் கணக்கைப் பார்த்துவிட்டால் மொத்தக் கதையும் புரிந்துவிடும். பாதிப் படத்துக்குமேல் பெர்டி ஏனோ காணாமல் போகிறார். திரைக்கதை அவரைக் கைவிட்டது. அவர் போனபின் படத்தில் ஒரு காற்றோட்டம் குறைவதை உணரலாம்.

'தி மேட்டிங் சீஸன்' (1951) கதையைச் சொன்னால் நம் ஊர்ப் படம் என்றே நினைப்பீர்கள். ஹாம்பர்கர் கடை நடத்தி நொடித்துப்போன தாய், பணக்காரப் பெண்ணைக் கட்டிய மகன் வீட்டுக்கு வருகிறார். புது மருமகள், வந்திருப்பது மாமியார் என்று தெரியாமல், சமையலுக்கு வந்த ஆள் என்று நினைத்துவிடுகிறாள். அவள் சங்கடப்படக்கூடாது என்று தாய் அப்படியே சமையல்காரியாக அந்த வீட்டில் தங்கிவிடுகிறார். கண்ணீர் விட ஏராளமான வாய்ப்புள்ள கதை. ரிட்டர் ஒரு சொட்டுகூட விடவில்லை. அடுப்படியில் நிமிர்ந்து நிற்கிறார், வேலையை ரசித்துச் செய்கிறார், விருந்தாளிகளை எடை போடுகிறார். தன்னிரக்கம் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. டைட்டிலில் ஜீன் டியர்னி முதலானவர்களுக்குப் பிறகுதான் பெயர் வரும். படம் ரிட்டருடையது.

உச்சம் என்று நான் நினைப்பது சாமுவேல் ஃபுல்லரின் 'பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' (1953). மோ என்ற வயதான பெண். தெருவில் கழுத்துப்பட்டை விற்பவள். அது வெளித் தொழில். நிஜத் தொழில், பிக்பாக்கெட்காரர்களைப் பற்றிப் போலீஸுக்குத் துப்புக் கொடுத்துக் காசு வாங்குவது. அந்தக் காசையெல்லாம் ஒரே காரியத்துக்குச் சேர்க்கிறாள்: தன் அடக்கத்துக்கு. அநாதைப் பிணங்களைப் புதைக்கும் நிலத்துக்குத் தன் உடம்பு போய்விடக்கூடாது, கல்லறைக் கல்லோடு மரியாதையான ஓர் இடம் வேண்டும் என்பது அவள் வாழ்க்கையின் ஒரே ஆசை.

ஓர் இரவு களைத்துப்போய் அறைக்குத் திரும்புகிறாள். கிராமபோனில் ஓர் இசைத்தட்டை ஓடவிட்டுக் கட்டிலில் சாய்கிறாள். துப்பாக்கியோடு ஒருவன் காத்திருக்கிறான். அவனுக்கு ஒரு விலாசம் வேண்டும். காசு தந்தால் யாரைப் பற்றியும் சொல்லக்கூடிய மோ, இவனுக்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள். பயமில்லை, வீராப்பும் இல்லை. நாள் முழுக்க நடந்து வலிக்கும் உடம்பு, இனியும் நாளைக்கு எழுந்து ஓட வேண்டுமா என்ற அலுப்பு. கேமரா மெல்ல நகர்ந்து சுழலும் இசைத்தட்டைக் காட்டுகிறது. சத்தம் மட்டும் கேட்கிறது. இத்தனை எளிமையாக ஒரு மனுஷியின் முழு ஆயுளையும் ஒரே காட்சியில் சொன்ன நடிப்பு அமெரிக்க சினிமாவில் அதிகம் இல்லை. அந்த ஆண்டு விருது 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி' படத்துக்காக டோனா ரீடுக்குப் போயிற்று.

சேலம் வரை வந்த நாயகி

மேரி வின்சர் யூட்டா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். நல்ல உயரம். நாயகனைவிட நாயகி உயரமாக இருந்தால் படத்தில் எடுபடாது என்று பெரிய ஸ்டுடியோக்கள் தயங்கின. ஆகவே சிறு பட்ஜெட் குற்றப் படங்களே அவருக்கு வீடு ஆயின. ஏமாற்றும் மனைவி, ரவுடியின் துணைவி, காசுக்காக எதையும் செய்பவள். ரயிலுக்குள்ளேயே நடக்கும் 'தி நேரோ மார்ஜின்' (1952) படத்தைத் தேடிப் பாருங்கள். அதில் அவர் பாத்திரத்தின் திருப்பத்தை நான் சொல்லப் போவதில்லை. ஆர்கேஓ ஸ்டுடியோவின் முதலாளி ஹாவர்ட் ஹியூஸ் அந்தப் படத்தை எடுத்து முடித்தும் வெளியிடாமல் நெடுநாள் முடக்கி வைத்திருந்தார்.

அதே 1952-இல் வெளிவந்த இன்னொரு படத்தில் அவருக்கும் நமக்கும் உறவு உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம், அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்'. தமிழில் 'காடு'. அதில் நடிக்க ராட் கேமரன், சீசர் ரொமேரோ ஆகியோருடன் இந்தியாவுக்கு வந்தார் வின்சர். நம் எம்.என். நம்பியாரும் அதில் உண்டு. படம் பெரிதாகச் சொல்லும்படி இல்லை. ஆனால் ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி கில்லிங்' (1956) படத்தில் எல்லோரும் வியக்கும் ஷெர்ரி, நான்கு ஆண்டுகளுக்கு முன் சேலத்துக் கம்பெனியின் படத்தில் நடித்தவர் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

'தி கில்லிங்' படத்தில் வின்சரின் கணவனாக வருபவர் எலிஷா குக் ஜூனியர். இவர்கள் இருவருக்கும் இடையிலான காட்சிகள் தனிப் படம். மனைவி ஒரு சிரிப்பு சிரிக்கமாட்டாளா என்று ஏங்கும் குமாஸ்தா, குதிரைப் பந்தயக் கொள்ளைத் திட்டத்தை அவளிடம் உளறிவிடுகிறான். வின்சர் நாற்காலியில் சாய்ந்தபடி அவனை உரித்து எடுப்பார். குக் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அங்குலம் குறுகுவார். ஹாலிவுட்டில் குக் அளவுக்குத் திரையில் சாகடிக்கப்பட்டவர் குறைவு. 'தி பிக் ஸ்லீப்' படத்தில் காதலியைக் காட்டிக் கொடுக்காமல் விஷத்தைக் குடிப்பார். 'ஷேன்' (1953) படத்தில் சேற்றுத் தெருவில் சுடப்பட்டுப் பின்னால் தூக்கி எறியப்படுவார். கம்பி கட்டி இழுத்து எடுத்த அந்த ஒரு ஷாட், வெஸ்டர்ன் படங்களில் துப்பாக்கிக் குண்டுக்கு எடை உண்டு என்று காட்டியது.

நாயகன்தான், ஆனாலும்

மறக்கப்பட்டவர்கள் எல்லோரும் துணை நடிகர்கள் அல்லர். 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' (1946) படத்தில் போர் முடிந்து ஊர் திரும்பும் மூன்று வீரர்களில் இருவருக்கு ஆஸ்கர்: ஃப்ரெட்ரிக் மார்ச், ஹரால்ட் ரஸ்ஸல். மூன்றாமவர் டேனா ஆண்ட்ரூஸ். பரிந்துரைகூட இல்லை, வாழ்நாள் முழுவதும் இல்லை.

படத்தில் அவர் விமானப்படைக் கேப்டனாக இருந்தவர். ஊரில் பழைய சோடா கடை வேலையைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. உடைப்பதற்காக வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் குண்டுவீச்சு விமானங்களிடையே நடந்து, ஒன்றின் மூக்குப் பகுதியில் ஏறி உட்காருகிறார். இன்ஜின்கள் இல்லாத விமானம் அது. இசையில் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக உயிர்பெறுகின்றன. ஆண்ட்ரூஸ் எதையும் செய்வதில்லை. வியர்க்கிறது, பார்வை எங்கோ போகிறது. போரின் காயம் மனதில் என்ன செய்யும் என்பதை மருத்துவ உலகம் சரியாகப் பெயரிட்டுச் சொல்வதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் ஒரு நடிகர் சும்மா உட்கார்ந்து காட்டிவிட்டார். 'லாரா' (1944) படத்திலும் அப்படியே. இறந்துபோனவளின் ஓவியத்தைப் பார்த்துக் காதல்வயப்படும் போலீஸ்காரர். உதடு அசையாமல் அதைச் செய்திருப்பார். அடக்கி வாசிப்பதை நடிப்பே இல்லை என்று நினைத்த காலம் அவரைப் பார்க்கத் தவறியது.

கதவே திறக்காதவர்கள்

இதுவரை சொன்னவர்களில் பலருக்கு விருது கிடைக்கவில்லை, பெயர் கிடைக்கவில்லை. வேடமே கிடைக்காதவர்களின் கதை வேறு. லாஸ் ஏஞ்சலஸில் சலவைக்கடைக்காரரின் மகளாகப் பிறந்த அன்னா மே வாங், 17 வயதிலேயே 'தி டோல் ஆஃப் தி சீ' (1922) என்ற வண்ணப்படத்தின் நாயகி. 'தி குட் எர்த்' (1937) சீன விவசாயக் குடும்பத்தின் கதை. அதன் நாயகி வேடம் அன்னா மே வாங்குக்குக் கிடைக்கவில்லை; ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குப் போயிற்று, ஆஸ்கரும் வாங்கித் தந்தது. நாயகன் வெள்ளைக்காரர், ஆகவே நாயகியாகச் சீனப் பெண் வரக்கூடாது. அன்றைய தணிக்கை விதியின் லட்சணம் அது.

ஃப்ரெடி வாஷிங்டனுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. கறுப்பினப் பெண்; தோலோ வெளிர் நிறம். 'தி எம்பரர் ஜோன்ஸ்' (1933) படத்தில் பால் ரோப்சனோடு காதல் காட்சி. வெள்ளைக்காரப் பெண் என்று பார்ப்பவர்கள் நினைத்துவிடுவார்களோ என்று பயந்து அவர் முகத்தில் கருமை பூசினார்கள். அடுத்த ஆண்டு 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' படத்தில், வெள்ளையினத்தவளாக வாழ ஆசைப்பட்டுப் பெற்ற தாயை உதறும் பியோலா வேடம். தாயைத் தெரியாது என்று சொல்லும் கணத்தில் அவர் கண்களில் குற்றவுணர்வும் பிடிவாதமும் சேர்ந்தே எரியும். நிஜ வாழ்க்கையில் அவர் நேர் எதிர். வெள்ளைக்காரி என்று சொல்லிக்கொண்டால் வாய்ப்புகள் வரும் என்றபோது உறுதியாக மறுத்தார். 1937-க்குப் பிறகு ஹாலிவுட்டில் அவருக்குப் படம் இல்லை. கறுப்பின நடிகர்களுக்கான சங்கத்தைத் தொடங்குவதில் முன்னின்றார், பத்திரிகையில் எழுதினார். 1959-இல் அதே கதையை மறுபடி எடுத்தபோது அந்த வேடம் கறுப்பினத்தைச் சேராத நடிகைக்குப் போயிற்று. அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, சர்க்கஸிலும் வானொலியிலும் உழைத்து வந்தவர் ஹுவானோ ஹெர்னாண்டஸ். ஃபாக்னரின் நாவலைத் தழுவிய 'இன்ட்ரூடர் இன் தி டஸ்ட்' (1949) படத்தில் கொலைப்பழி சுமத்தப்பட்ட விவசாயி. ஊரே தூக்கில் போடத் துடிக்கும்போதும் அவர் யாரிடமும் கெஞ்சுவதில்லை. கடைசியில் வக்கீலுக்கு நாணயங்களை எண்ணிக் கொடுத்துவிட்டு ரசீது கேட்டு நிற்பார். கறுப்பின மனிதர் ஒருவரை அத்தனை நிமிர்வோடு அதற்கு முன் ஹாலிவுட் காட்டியதே இல்லை என்று சொல்லலாம். ஃபாக்னரின் சொந்த ஊரான மிசிசிப்பி மாநிலத்து ஆக்ஸ்ஃபர்டில் படப்பிடிப்பு. நிறப்பாகுபாட்டின் காரணமாக மற்ற நடிகர்களோடு அவர் தங்க முடியவில்லை. கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கி நடித்தார். மறு ஆண்டு 'தி பிரேக்கிங் பாயிண்ட்' படத்தில் ஜான் கார்ஃபீல்டின் படகுத் துணைவர். அந்தப் பாத்திரத்தின் மகனாக வருபவன் அவருடைய சொந்த மகன். அப்பா இறந்த செய்தியை யாரும் சொல்லாமல் கலைந்து போக, துறையில் தனியாக நிற்கும் சிறுவனோடு படம் முடியும்.

அந்தக் கார்ஃபீல்டையும் அரசியல் விழுங்கிற்று. கம்யூனிஸ்ட் வேட்டையில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 1952-இல் 39 வயதில் மாரடைப்பில் போனார். அந்த வேட்டைக்குப் பலியான மற்றவர்களில் ஆன் ரெவியரைச் சொன்னால் போதும். 'நேஷனல் வெல்வெட்' படத்தில் எலிசபெத் டெய்லரின் தாயாக நடித்து ஆஸ்கர் வென்றவர். இளமையில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து தான் வென்ற பரிசுக் காசுகளை, குதிரைப் பந்தயக் கனவுக்காக மகளிடம் எடுத்துக் கொடுக்கும் காட்சி, தாய் வேடம் என்றால் அழுகை என்று எழுதி வைத்தவர்களுக்கான பதில். 1951-இல் அந்த வேட்டையை நடத்திய விசாரணைக் குழுவின் முன் யாரையும் காட்டிக் கொடுக்க மறுத்தார். அதே ஆண்டு வந்த 'எ பிளேஸ் இன் தி சன்' படத்தில் அவருடைய காட்சிகள் வெட்டிக் குறைக்கப்பட்டன. அடுத்த படம் 1970-இல். இடையில் நாடகமேடை அவரைக் காப்பாற்றியது. 1960-இல் டோனி விருதும் கொடுத்தது.

வெறுப்பை நடித்தவர்

ராபர்ட் ரயன் ஆறடிக்கு மேல் உயரம், டார்ட்மத் கல்லூரியின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன். இரண்டாம் உலகப் போரில் மரைன் படையில் பயிற்சியாளராக இருந்தபோது, சக வீரர் ரிச்சர்ட் புரூக்ஸ் எழுதிய நாவலைப் படித்துவிட்டு, இது படமானால் அந்தக் கொலைகாரன் வேடம் எனக்கு வேண்டும் என்று அவரிடமே சொன்னார். நாவல் 'கிராஸ்ஃபயர்' (1947) ஆயிற்று. யூதர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் கொல்லும் ராணுவ வீரன் வேடம். ரயன் அவனை அசுரனாகக் காட்டவில்லை. சிரித்துப் பேசுகிறான், உதவிக்கு வருகிறான், பேச்சோடு பேச்சாக நஞ்சைக் கக்குகிறான். நாம் தினம் சந்திக்கும் ஆள் என்பதுதான் அதில் நடுங்க வைப்பது. அவர் வாழ்நாளில் பெற்ற ஒரே ஆஸ்கர் பரிந்துரை இதற்கே. விருது 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' படத்தின் கிறிஸ்துமஸ் தாத்தா எட்மண்ட் க்வென்னுக்குப் போயிற்று.

திரைக்கு வெளியே ரயன் அமைதி இயக்கத்துக்காரர், அணு ஆயுத எதிர்ப்பாளர், குடிமை உரிமைப் போராட்டங்களுக்குத் தோள் கொடுத்தவர். மனைவி ஜெஸிகாவோடு சேர்ந்து ஒரு பள்ளியையும் தொடங்கினார். தன் கொள்கைக்கு நேர் எதிரான மனிதர்களைத் திரும்பத் திரும்ப ஏற்று நடித்தார். ஹாரி பெலஃபான்டே தயாரித்த 'ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ' (1959) படத்தில் மறுபடியும் நிறவெறியர். நல்ல பெயர் வாங்க ஆசைப்படும் நடிகர் இதைச் செய்யமாட்டார். வெறுப்பு ஒரு மனிதனுக்குள் எங்கே பிறக்கிறது என்று அறிந்தவர்தான் அதை நடிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அந்த முகச்சுளிப்புக்கு அடியில் எப்போதும் ஒரு பயம் தெரியும். சமூகம் தன்னைத் தாண்டிப் போய்விட்டது என்ற பயம்.

அவர் நல்லவராக நடித்த படம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் ராபர்ட் வைஸின் 'தி செட்அப்' (1949). 72 நிமிடப் படம். கதையில் கழியும் நேரமும் அதே 72 நிமிடம். காலம் கடந்துபோன குத்துச்சண்டை வீரன் ஸ்டோக்கர். அவன் தோற்பதற்காக மேனேஜர் சூதாடிகளிடம் காசு வாங்கிவிட்டார். எப்படியும் தோற்கத்தானே போகிறான் என்று அவனிடம் சொல்லக்கூட இல்லை. அடி வாங்கி வாங்கி அவன் எழுந்திருக்கும்போது, ரயன் நிஜக் குத்துச்சண்டைக்காரர் என்பது தோள்பட்டையிலேயே தெரியும். காலியாக இருக்கும் மனைவியின் நாற்காலியை அவன் கூட்டத்துக்குள் தேடும் பார்வைதான் அந்தப் படத்தின் உண்மையான சண்டை.

கடைசிப் படங்களில் ஒன்று யூஜீன் ஓ'நீலின் நாடகத்தைத் தழுவிய 'தி ஐஸ்மேன் கமத்' (1973). மனைவி முந்தைய ஆண்டுதான் புற்றுநோயில் போயிருந்தார். ரயனுக்கும் அதே நோய். சாவுக்குக் காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே சாவுக்கு அஞ்சும் லாரி என்ற கிழவனாக, நான்கு மணி நேரப் படத்தின் பெரும்பகுதியில் அவர் செய்வது ஒன்றே: மற்றவர்கள் பேசுவதைக் கேட்பது. லீ மார்வின் நீளமாகப் பேசுகிறார், ஃப்ரெட்ரிக் மார்ச் பேசுகிறார். என் கண் ரயனை விட்டு நகர்ந்ததில்லை. 1973 ஜூலையில் அவர் இறந்தார். படம் சில மாதங்கள் கழித்துத் திரைக்கு வந்தது. அந்த ஆண்டின் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் இருந்திருக்க வேண்டும். இல்லை.